மைனஸ் இருபத்திரண்டில் ஒரு மெட்டி

பாண்டிச்செல்வியின் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஃபேன். அதை ஐந்தில் வைப்பதா, ஒன்றில் வைப்பதா, அடியோடு அணைத்துவிடுவதா என்று அவளுக்கும் அவள் புருஷன் இசக்கிபாண்டிக்கும் நடக்கிற பஞ்சாயத்து இன்றுவரை தீர்ந்தபாடில்லை. மற்ற வீடுகளில் சண்டை வர ஆயிரம் காரணம் இருக்கும். இந்த வீட்டில் ஒரே காரணம், ஒருத்தருக்கு வேர்க்கும்போது இன்னொருத்தருக்குக் குளிரும்.

இசக்கிபாண்டிக்கு ஒரகடத்தில் ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியில் வேலை. லாரி ஆக்சிலுக்கான இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அடிக்கிற இடம். ஃபர்னஸ் வாசலில் நின்று, சிவந்த இரும்புத் துண்டை நீளக் குறடால் இழுத்து அடுத்த ஆளுக்குத் தள்ளிவிட வேண்டும். ஃபர்னஸுக்குள் ஆயிரத்து இருநூறு டிகிரி. பாண்டிச்செல்விக்கு அங்கிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு கோல்டு ஸ்டோரேஜில் வேலை. ஐஸ்கிரீம், இறால், பச்சைப் பட்டாணி, சுட்டுத் தின்னத் தயாராக இருக்கிற பரோட்டா என்று ஊர்ப்பட்ட சாமான் அங்கே உறைந்து கிடக்கும். உள்ளே எப்போதும் மைனஸ் இருபத்திரண்டு. ஒருத்தனை அடுப்பிலும் ஒருத்தியை ஃப்ரிட்ஜிலும் பகலெல்லாம் வைத்துவிட்டு, பிறகு இரண்டு பேரையும் ஒரே பாயில் படுக்கச் சொன்னால் சண்டை வராமல் என்ன செய்யும்?

வீடு என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வல்லக்கோட்டை போகிற சாலையோரம் வரிசையாக எட்டு அறை கட்டி, மேலே சிமெண்ட் ஷீட் போட்டு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அதில் ஐந்தாவது அறை. கத்திரி பிறந்துவிட்டால் காலை பத்து மணிக்கெல்லாம் அந்த ஷீட்டின் கீழே மனுஷன் நிற்க முடியாது. குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும். ஜன்னலில் நனைத்த சேலையைத் தொங்கவிட்டால் அரை மணி நேரத்தில் மொறமொறவென்று காய்ந்துவிடும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இருவரும். வெயில் ஒன்றும் அவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் ஊர் வெயிலுக்கு ஒதுங்க வேப்பமரம் உண்டு, இங்கே ஒதுங்குவதற்கு லாரியின் நிழல்தான் கிடைக்கும்.

பள்ளிக்கூட லீவுக்கு மகளை ஊருக்கு அனுப்பியிருந்த மே மாதம் அது. வீட்டில் இரண்டே பேர். அதிலும் அந்த மாதம் அவனுக்குக் காலை ஷிஃப்ட், அவளுக்கு மதியம் இரண்டு மணி ஷிஃப்ட். அவன் வெந்து வந்து சேரும்போது அவள் உறையக் கிளம்பியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் ஒருவர் முகத்தை ஒருவர் நிதானமாகப் பார்ப்பது. அன்றைக்குப் பார்த்து ஃபேன் சண்டையும் சேர்ந்து வந்துவிடும்.

பாண்டிச்செல்வி கோல்டு ஸ்டோரேஜில் சேர்ந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. லிஸ்ட்டைப் பார்த்துப் பெட்டிகளை எடுத்து அடுக்கித் தருகிற வேலை. நாற்பது நிமிஷம் உள்ளே, இருபது நிமிஷம் வெளியே. பஞ்சு வைத்த கோட்டு, குல்லா, இரண்டு அடுக்குக் கையுறை, முழங்கால்வரை பூட்ஸ். உள்ளே போன ஐந்தாவது நிமிஷம் கண்ணிமை முடியில் வெள்ளையாகப் பொடி படியும். பேனா எழுதாது, அதனால் எல்லார் காதிலும் பென்சில் செருகியிருக்கும். முதல் வாரம் மூக்கில் இருந்து ரத்தம் வந்து, இது நமக்கு ஒத்துவராது என்று அழுதுகொண்டே வந்தவள்தான். பிறகு மிளகு ரசமும் நல்லெண்ணெயுமாக உடம்பைத் தேற்றி, அதற்குள் ஒரு ராணி மாதிரி நடமாட ஆரம்பித்துவிட்டாள்.

ராணி என்று சும்மா சொல்லவில்லை. அங்கே ரீச் டிரக் என்று ஒரு வண்டி உண்டு. முன்னால் இரண்டு இரும்பு விரல் நீண்டிருக்கும், அதில் பெட்டி அடுக்கிய பலகையை ஏந்தி ஐந்தாவது தட்டுவரை தூக்கி வைக்கும். அதுவரை அதை ஓட்டினவர்கள் எல்லாரும் ஆண்கள். பாண்டிச்செல்வி இடைவேளை நேரத்தில் அதன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஜாஸ்மின் ஒருநாள், லாரியில் சரக்கு ஏற்றி இறக்குகிற வெளி டாக்கில் காலி வண்டியில் ஏற்றிவிட்டுப் பார்த்தாள். அன்று தொடங்கி மூன்று மாதப் பயிற்சி. பலகையைச் சத்தமே வராமல் இறக்கி வைக்கிற கை பாண்டிச்செல்விக்கு இயல்பாக வாய்த்திருந்தது. "நீ ஓட்டினா ஐஸ்கிரீமுக்கே தெரியாது, தூக்கினது" என்று ஜாஸ்மின் சொன்னதை அவள் வீட்டில் நாலு தடவை சொல்லிக் காட்டினாள். மே மாதம் கடைசி வியாழக்கிழமை மெடிக்கல் டெஸ்ட். தலை முதல் கால்வரை பார்ப்பார்கள். அதில் தேறினால் ஆபரேட்டர் பரீட்சை, அதிலும் தேறினால் கான்ட்ராக்ட் போய்க் கம்பெனி ஆளாகிவிடலாம்.

கால்வரை பார்ப்பார்கள் என்பதில்தான் சிக்கல்.

ஃப்ரீசர் வாசலில் பெரிதாக ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. முதல் வரியே, நகை அணிந்து உள்ளே செல்லக் கூடாது என்பதுதான். அந்தக் குளிரில் உலோகம் தோலில் பட்டால் தோலைக் கடித்துப் பிடிக்கும். பாண்டிச்செல்வி முதல் நாளே கம்மல், வளையல், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, தாலியை மஞ்சள் கயிற்றில் கோர்த்துக்கொண்டாள். மெட்டியை மட்டும் கழற்றவில்லை. மெட்டியை யாராவது நகை என்பார்களா? கம்மலை அடகு வைக்கலாம், மாற்றலாம், அக்கா தங்கைக்கு இரவல் கொடுக்கலாம். மெட்டி காலோடு கிடப்பது. புருஷன் இருக்கிறவரை கிடப்பது.

அது மட்டும் என்றால்கூட அவள் ஒருவேளை கழற்றியிருப்பாள். வேறொரு காரணம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதத்து மதியம். அப்போது அவள் வேலைக்குப் போகவில்லை. மெட்டி கறுத்துப்போய்விட்டதே என்று இரண்டையும் கழற்றி, விபூதி போட்டுத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளி பளபளவென்று வந்தபோது போன் அடித்தது. இசக்கிபாண்டிக்குக் கையில் இரும்பு பட்டுவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள். இடது மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெந்திருந்தது. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். துண்டு எகிறி வந்து விழுந்துவிட்டது என்று அவன் சொன்னான். பாண்டிச்செல்வி ஒன்றும் சொல்லவில்லை. துண்டு ஏன் அந்த நேரம் பார்த்து எகிறியது என்று அவளுக்குத்தான் தெரியுமே.

அதிலிருந்து அந்த மெட்டிகள் அவள் காலை விட்டு அசையவில்லை. அவன் ஃபர்னஸ் முன்னால் நிற்கிறவரை அசையக் கூடாது என்று முடிவு செய்துவிட்டாள். பயம் மட்டும் போகவில்லை. கோல்டு ஸ்டோரேஜுக்குள் போன் கொண்டுபோக முடியாது. நாற்பது நிமிஷம் முடிந்து வெளியே வந்ததும் மற்றவர்கள் சுக்குக் காப்பிக்கு ஓடுவார்கள், இவள் லாக்கருக்கு ஓடுவாள். மிஸ்டு கால் ஒன்றும் இல்லை என்று பார்த்தால்தான் காப்பி தொண்டைக்குள் இறங்கும்.

மெட்டியை மறைப்பதற்கு அவள் செய்த ஏற்பாடு இருக்கிறதே, அதுதான் வினையாகிப் போனது. லாக்கர் அறையில் எல்லார் முன்னாலும் காலுறை மாற்றினால் மெட்டி தெரிந்துவிடும். அதனால் வீட்டிலேயே இரண்டு ஜோடிக் காலுறையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, மேலே ஷூ போட்டுக்கொண்டு கிளம்புவாள். மதியம் ஒரு மணி, நாற்பத்தோரு டிகிரி வெயில். கம்பெனி பஸ்ஸுக்கு அரை கிலோமீட்டர் நடை, பிறகு காத்திருப்பு. கால் இரண்டும் வேர்வையில் ஊறிவிடும். அந்த ஈரக் காலுறையோடேதான் பூட்ஸுக்குள் காலை நுழைத்து மைனஸ் இருபத்திரண்டுக்குள் போவாள். ஐஸ்கிரீமை உறைய வைக்கிற குளிருக்கு வேர்வையை உறைய வைக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்?

முதலில் மெட்டி விரலில் அரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து வெக்கையில் உட்கார்ந்தால் பிய்த்து எறியலாம் போல அரிக்கும். சேற்றுப்புண் என்று நினைத்து மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டாள். மழையே பெய்யாத மே மாதத்தில் சேற்றுப்புண் எங்கிருந்து வரும் என்று யோசிக்க அவளுக்கு மனம் வரவில்லை. பிறகு விரல் சிவந்தது, பிறகு ஊதாவாக ஆனது. மெடிக்கல் டெஸ்ட்டுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை, அரிப்பு நின்றுவிட்டது. நல்லதாகப் போயிற்று என்று சந்தோஷப்பட்டாள். லாக்கர் அறையில் ஆளில்லாத நேரம் பார்த்துக் காலுறையைக் கழற்றினாள். வலது கால் இரண்டாவது விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது. நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"இன்னா செல்வி, வெரலு இப்டி கீது?"

பின்னால் சசிகலா நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து மாத்தூர்க்காரி, அதே ஷிஃப்டில் பெட்டி அடுக்குகிறவள். பாண்டிச்செல்வி காலை இழுத்துக்கொள்வதற்குள் அவள் குனிந்து விரலைத் தொட்டுவிட்டாள்.

"தொட்டா தெர்தா?"

"இல்லக்கா."

"மெழுகுவத்தி மாரி கீது. அந்தக் கறுமத்த கயட்டு மொதல்ல. வெரலு பூடுச்சின்னா வண்டி ஓட்டுவியா நீ?"

"கழட்ட முடியாதுக்கா."

"ஏன், மாட்டிக்கிச்சா?"

பாண்டிச்செல்வி தலையை ஆட்டினாள். மாட்டிக்கொண்டது என்பதும் உண்மைதான். விரல் வீங்கி, மெட்டி சதைக்குள் பாதி புதைந்திருந்தது. சசிகலா உதட்டைப் பிதுக்கினாள். "வியாழக்கெயம டாக்டரு பாத்தா வூட்டுக்குப் போன்னுருவாரு. நீயா போய் மேடம்கிட்ட சொல்லிடு. அப்பால உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோழிக்குழம்பு வைத்திருந்தாள், அவளுக்கு இறங்கவில்லை. சாப்பிட்டு முடித்த இசக்கிபாண்டி தரையில் இரண்டு சொம்புத் தண்ணீரை ஊற்றி, அந்த ஈரத்தில் வெற்று உடம்போடு மல்லாந்து படுத்து, ஃபேனை ஐந்தில் வைத்தான். சண்டைக்குத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான். சண்டை வரவில்லை. ஐந்து நிமிஷம் ஆகியும் வராததால் எழுந்து உட்கார்ந்தான்.

"என்னளா, உடம்பு சரியில்லையா?"

அவள் காலை நீட்டினாள். வெக்கையில் விரல் இன்னும் புடைத்திருந்தது. அவன் அதை மடியில் தூக்கி வைத்துப் பார்த்தான். இரும்பில் சின்ன விரிசல் விட்டாலும் கண்டுபிடிக்கிற கண் அது.

"எத்தன நாளா இப்படி இருக்கு?"

"இருவது நாளு இருக்கும்."

"எங்கிட்டச் சொல்லணும்னு தோணல, என்ன? மெட்டியக் கழட்டச் சொல்லலையா அங்க?"

"நகையத்தான் கழட்டச் சொன்னாக."

"இது நகை இல்லாம பின்ன என்னது?"

அவள் அழ ஆரம்பித்தாள். அழுகைக்கு நடுவில் எல்லாவற்றையும் சொன்னாள். விபூதி போட்டுத் தேய்த்தது, போன் வந்தது, இரண்டு வருஷமாக அதை நெஞ்சிலேயே வைத்திருப்பது. "நான் கழட்டினதாலதான் உங்களுக்கு அப்படி ஆச்சு. இப்ப திரும்பக் கழட்டிட்டு நான் உள்ள போயி எப்படிங்க நிப்பேன்? நாப்பது நிமிஷம் உங்களுக்கு என்ன ஆச்சுன்னே தெரியாது. வெரலு போனாப் போயிட்டுப் போகுது" என்றாள்.

இசக்கிபாண்டி சிரிப்பான், இல்லை திட்டுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் இரண்டும் செய்யவில்லை. தன் இடது கையில் வழவழவென்று கிடந்த தழும்பைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தான். ஒரு குற்றத்தை மறைத்து வைத்திருப்பவனின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"துண்டு எகிறல, செல்வி" என்றான்.

அவள் அழுகையை நிறுத்தினாள்.

"அன்னைக்கு வெளியவே நாப்பத்திரண்டு. ஃபர்னஸ் முன்னாடி நிக்க முடியல. கிளவுஸுக்குள்ள வேர்வ கொளம் கட்டி நிக்கி, கை அவிஞ்சு போவுது. ஒரு ரெண்டு நிமிஷம் காத்தாடட்டும்னு எடது கை கிளவுஸக் கழட்டிட்டேன். அந்த நேரம் பாத்து ஒரு துண்டு குறுக்கால மாட்டிக்கிட்டு. கிளவுஸ மாட்டிக்கிட்டுத் தள்ளியிருக்கணும். அப்படியே வெறுங்கையால குறடப் புடிச்சு நெம்புனேன். வழுக்கி வந்து கையில சாஞ்சுட்டு. கம்பெனியில எழுதிக் குடுத்துருக்கேன், என் தப்புதான்னு. ஒங்கிட்டதான் சொல்லல. சொன்னா நீ வேலைக்கே போக விடமாட்டேன்னு பயம்."

"ரெண்டு வருஷமா சொல்லல."

"நீயுந்தான் சொல்லல."

இரண்டு வருஷமாக ஒரே அறைக்குள் ஒரே விபத்துக்கு இரண்டு பேரும் தனித்தனியாகப் பொறுப்பேற்றுக்கொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார்கள். நடுவில் சண்டை போட்டதெல்லாம் ஃபேனுக்கு. பாண்டிச்செல்விக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கழற்றியது அவனாம், தண்டனை அவளுக்காம். கையில் கிடைத்த தலையணையால் அவனை இரண்டு சாத்து சாத்தினாள். மூன்றாவது அடியில் கை தளர்ந்து, அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். நெஞ்சில் இருந்த பாரம் அப்படியே கரைந்து போனதா என்றால், அதுதான் இல்லை. பயம் அவ்வளவு சீக்கிரம் காலி செய்துகொண்டு போகிற குடித்தனம் அல்ல. ஆனால் பாதி இறங்கியது நிஜம்.

இடது கால் மெட்டி தேங்காயெண்ணெய் போட்டதும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. வலது காலில் எண்ணெய் போட்டான், சோப்பு போட்டான், நூலைச் சுற்றி இழுத்துப் பார்த்தான். வரவில்லை. அவள் வலியில் பல்லைக் கடித்தாள். கடைசியில் அவன் எழுந்துபோய்த் தன் டூல்ஸ் பையிலிருந்து சின்ன கட்டிங் பிளேயரை எடுத்து வந்தான்.

"அறுக்கவாங்க போறீங்க?" என்று கேட்டாள். அந்த வார்த்தையைச் சொல்லவே அவளுக்கு நாக்கு கூசியது.

"நான்தான அம்மி மேல ஒன் கால வச்சுப் போட்டுவிட்டேன். நானே எடுக்கேன். வேற எவனும் தொடப்போறதில்ல. சாமி கேட்டா எங்கிட்டக் கேக்கட்டும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மெட்டிக்கும் சதைக்கும் நடுவில் பிளேயரின் மூக்கை நுழைக்க அவனுக்குப் பத்து நிமிஷம் பிடித்தது. நெற்றியிலிருந்து வேர்வை அவள் பாதத்தில் சொட்டியது. டக்கென்று ஒரு சின்னச் சத்தம். வெள்ளி விரிந்து கொடுத்தது. கொஞ்ச நேரத்தில், மரத்துக் கிடந்த விரல் நுனியில் சுருக்கென்று வலி ஏறியது. உயிர் போகிற வலி. வலிக்குதுங்க, வலிக்குதுங்க என்று அவள் சந்தோஷமாகக் கத்தினாள். பக்கத்து அறைக்காரர்கள் என்ன நினைத்தார்களோ தெரியவில்லை.

திங்கட்கிழமை பாண்டிச்செல்வி செருப்பு போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். நேராக ஜாஸ்மின் மேஜை முன்னால் நின்று, கேட்பதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மெடிக்கல் டெஸ்ட்டுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு, மருந்து போட்டுக்கொண்டு, அதிர்ஷ்டம் இருந்தால் தப்பித்திருக்கலாம். அந்த யோசனை வழியெல்லாம் அவளோடு வந்தது. ஆனால் மறைத்து மறைத்து வந்த வினையைப் பார்த்தாயிற்று, இனிமேல் ஒளிக்க அவளிடம் தெம்பு இல்லை.

ஜாஸ்மின் காலைப் பார்த்தாள். முகம் கறுத்தது.

"வாசல்ல அவ்ளோ பெருசா நகை போடக் கூடாதுன்னு எழுதியிருக்கே, படிக்கலையா?"

"படிச்சேன் மேடம். மெட்டி நகை இல்லையே."

ஜாஸ்மின் வீட்டில் மெட்டி போடுகிற வழக்கம் கிடையாது. ஒன்றரை வருஷமாகப் பெண்களின் கழுத்தையும் காதையும் பார்த்து உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கிறாள். ஒருத்தி காலையும் பார்த்ததில்லை. எழுந்து லாக்கர் அறைக்குப் போனாள். ஷிஃப்டுக்கு வந்திருந்த பெண்கள் எல்லாரையும் பெஞ்சில் உட்காரச் சொல்லி, காலுறையைக் கழற்றச் சொன்னாள். பதினாலு பேரில் பதினோரு பேர் காலில் மெட்டி. முதல் ஆளாகச் சசிகலா, மெட்டிமேல் பிளாஸ்திரி சுற்றி, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீயுமா சசிகலா?"

"அவளுக்குத்தான் மேடம் கயட்டச் சொன்னேன். எனக்கு ஒண்ணும் ஆவலயே."

ஜாஸ்மினுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. அன்றைக்கு அரை மணி நேரம் ஒரு பெட்டியும் நகரவில்லை. அவரவர் காரணத்தைச் சொன்னார்கள். ஒருத்திக்கு மாமியார் பார்த்தால் வீட்டில் ரகளை. ஒருத்தியின் புருஷன் டேங்கர் லாரி ஓட்டுகிறான். ஒருத்தி இதுவரை யோசித்ததே இல்லை, அது காலில் இருக்கிற ஞாபகமே இல்லை என்றாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பாண்டிச்செல்வியின் காலை நீட்டிக் காட்டச் சொன்னாள் ஜாஸ்மின். அதற்குமேல் அவள் பேச வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொருத்தியாகக் குனிந்து கழற்ற ஆரம்பித்தார்கள்.

காலைப் பார்த்த டாக்டர், இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் நுனி கறுத்திருக்கும் என்றார். மெட்டி ஒரு பக்கம் ரத்தத்தை நெரித்திருக்கிறது, ஈரக் காலுறை மறுபக்கம் குளிரை உள்ளே விட்டிருக்கிறது. இனி வெயிலில் வந்த காலுறையோடு உள்ளே போகவே கூடாது, காலைத் துடைத்துக் காயவைத்து வேறு போட வேண்டும் என்றார். ஐந்து வாரம் குளிருக்குள் போகத் தடை. ஜாஸ்மின் அவளை வெளி டாக்கில் லேபிள் ஒட்டுகிற மேஜையில் உட்கார வைத்தாள். வியாழக்கிழமை மெடிக்கல் டெஸ்ட் அவள் இல்லாமல் நடந்தது. அவளோடு பயிற்சி எடுத்த இரண்டு பையன்கள் ஆபரேட்டர் ஆனார்கள். அன்று சாயங்காலம் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"அடுத்த டெஸ்ட் ஜூலைல. உன் பேர மொதல்ல எழுதிட்டேன். கால மட்டும் ஒழுங்கா பாத்துக்கோ" என்றாள் ஜாஸ்மின். கேட்காமலே வந்து சொன்னாள். உண்மையை ஒளிக்காமல் சொன்ன ஆளைக் கைவிட அவளுக்கு மனமில்லை.

அந்த ஐந்து வாரத்தில் லாக்கர் அறையில் சில விஷயங்கள் மாறின. அறிவிப்பில் நகை என்று இருந்த வரிக்குப் பக்கத்தில் மெட்டி, அரைஞாண், கொலுசு என்று கையால் எழுதிச் சேர்த்தார்கள். காய்ந்த காலுறையைக் கம்பெனியே கொடுத்தது. உள்ளே போகுமுன் எல்லாரும் மெட்டியைக் கழற்றித் துணிச் சுருக்குப் பையில் போட்டு லாக்கரில் வைப்பார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, பேசிக்கொண்டே போட்டுக்கொள்வார்கள். மாமியார்களுக்கு விஷயம் தெரியாது. சசிகலாதான் முதலில் கழற்றுகிறவளும், யார் கழற்றவில்லை என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிறவளும்.

விரலில் தோல் உரிந்து புதுத்தோல் வந்தது. இசக்கிபாண்டி புதிதாக ஒரு ஜோடி மெட்டி வாங்கி வந்தான், கழற்றி மாட்ட வசதியாகக் கொஞ்சம் தளர்வாக. ஃபர்னஸ் வேலைக்குப் போகும்போது அவனும் இப்போது கிளவுஸுக்குள் போடுகிற உள்ளுறை இரண்டு ஜோடி எடுத்துப் போகிறான். ஒன்று நனைந்தால் ஒன்றை மாற்றிக்கொள்ள. கிளவுஸைக் கழற்றுவதாக இருந்தால் பத்தடி தள்ளி வந்துதான் கழற்ற வேண்டும் என்று அவள் அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

ஜூலையில் அவள் மெடிக்கலிலும் தேறினாள், பரீட்சையிலும் தேறினாள். பரீட்சையை வெளி டாக்கில்தான் வைத்தார்கள். வந்த ஆள் ஐந்தாவது தட்டில் ஒரு பலகையை வைக்கச் சொல்லி, அதன்மேல் ஒரு டம்ளர் தண்ணீரையும் வைத்தார். தண்ணீர் சிந்தவில்லை.

ஆபரேட்டராக முதல் நாள், காலை ஷிஃப்ட். அன்றைக்கு இருவருக்குமே காலை ஷிஃப்ட்தான். லாக்கர் அறையில் உட்கார்ந்து மெட்டியைக் கழற்றினாள். அதுவரை லேபிள் மேஜையிலேயே இருந்தவளுக்கு, வெறும் விரலோடு கதவுக்கு அந்தப் பக்கம் போவது இதுதான் முதல் தடவை. அவன் இந்நேரம் ஃபர்னஸ் முன்னால் நின்றிருப்பான். ஒரு நிமிஷம் மெட்டியைக் கையிலேயே பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு பைக்குள் போட்டு, லாக்கரைப் பூட்டிவிட்டு எழுந்தாள்.

உள்ளே எட்டு மணி நேரம் எப்படிப் போனது என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு லோடு ஐஸ்கிரீம் வந்தது, பின்னாலேயே இறால் வந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு பலகை கோணலாக இருந்ததை நேர்செய்தாள். சசிகலா கீழிருந்து, கொஞ்சம் இடது, இன்னும் கொஞ்சம் என்று கையசைத்துக்கொண்டிருந்தாள். இடைவேளைகளில் அடுத்து எதை எங்கே வைப்பது என்று ஜாஸ்மினோடு பேசிக்கொண்டே காப்பி குடித்தாள்.

இரண்டு மணிக்கு வெளியே வந்தாள். ஆனி முடியப் போகிறது, வெயில் மட்டும் இன்னும் விட்ட பாடில்லை. மூஞ்சியில் அறைந்தது. லாக்கரைத் திறந்து மெட்டியை எடுக்கும்போதுதான் பக்கத்தில் கிடந்த போன் கண்ணில் பட்டது. காலையில் வைத்த இடத்திலேயே கிடந்தது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். அத்தனை இடைவேளைகளில் ஒரு தடவைகூட அவள் அதை வந்து பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை.

அவனுக்கு போன் போட்டாள். அவனும் அப்போதுதான் ஷிஃப்ட் முடித்து வெளியே வந்திருந்தான்.

"என்னளா, எதும் ஆயிட்டா?" என்றான் பதறிப்போய்.

"ஒண்ணும் ஆகல. இன்னைக்கு பூரா உங்க நெனப்பே எனக்கு வரலைங்க" என்றாள் பாண்டிச்செல்வி. எந்தப் பெண்டாட்டியும் புருஷனிடம் இதை இத்தனை சந்தோஷமாகச் சொல்லியிருக்க மாட்டாள்.